கடலுக்கடியில் ஒரு பாக்குவெட்டி

இத்தனை நாளாக இந்தப் பகுதியில் குக்கர், கிரைண்டர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று வீட்டைச் சுற்றியே வந்துகொண்டிருந்த நான், இந்த வாரம் நடுக்கடலுக்குப் போகிறேன் என்றால் உங்களுக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும். அதற்காகப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கடலுக்குப் போனாலும் பாக்குவெட்டி, சுருக்குப் பை, குக்கர் வெயிட் எல்லாம் நம்மோடு கூடவே வருகின்றன.

போகும்படி தூண்டியவர் எங்கள் கூடுவாஞ்சேரித் தெருவில் நாலாவது வீட்டு மாமி. அவருடைய மூத்த பிள்ளைக்கு மும்பைக்கு அப்பால் கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் உத்தியோகம். பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு. கைநிறையச் சம்பளம்தான். ஆனால் பிள்ளை கடலில் இருக்கும் நாட்களில் மாமி டெலிவிஷனில் செய்தி பார்ப்பதில்லை. அது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கியபடியே கேட்டார்: "ஏம்மா, ஊரிலே உள்ளதெல்லாம் எழுதறியே, இதை எனக்குச் சொல்லேன். கிணறு தீப்பிடிச்சுது, மாசக்கணக்கா எரிஞ்சுதுங்கறாளே, அதை மூடறதுக்கு ஒரு திருகு கூடவா வச்சிருக்க மாட்டா?"

எவ்வளவு சரியான கேள்வி, பார்த்தீர்களா? இன்ஜினீயர்கள் கூடிப் பல வருஷங்களாக மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்விக்காகத்தான்.

நம் செங்கல்பட்டுக் கடலோரத்தில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நடந்தாலும் எண்ணெய் எடுக்கும் மேடை எதுவும் கண்ணில் படாது. தெற்கே காவிரி கடலில் கலக்கும் பக்கம் போக வேண்டும். பி.ஒய்-3 என்ற கடல் வயலில் 1997 முதல் 2011 வரை எண்ணெய் எடுத்தார்கள். பி.ஒய்-1 என்ற இன்னொரு வயலின் வாயு 2009இல் திருக்கடையூருக்குப் பக்கத்திலுள்ள பிள்ளைபெருமாள்நல்லூரில் கரையேறியது. இந்தியாவின் பெரிய கடல் வயல் என்னவோ மும்பைக்கு எதிரே இருப்பதுதான். 1974இல் 'சாகர் சம்ராட்' என்ற மிதவை அங்கே எண்ணெய் கண்டபோது தேசமே கொண்டாடியது.

எண்ணெய்க் கிணறு என்றதும் நம் வீட்டுக் கொல்லைக் கிணற்றை நினைத்துவிடக் கூடாது. இதில் வாளி விட்டு இறைக்கும் வேலை இல்லை. பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை இடுக்குகளில் எண்ணெயும் வாயுவும் பயங்கர அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. துளை போட்டு வழி காட்டிவிட்டால், அடித்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதைக் கீழேயே அமுக்கி வைப்பதற்காகத் துளை நிறையக் கனமான சேற்றுக் குழம்பை நிரப்புகிறார்கள். குக்கரின் தலையில் வெயிட் உட்கார்ந்திருக்கிறதே, அந்த வேலையை இந்தச் சேறு செய்கிறது. வெயிட் சரியாக இருக்கிறவரை வம்பில்லை. சேற்றின் கனம் குறைந்தாலோ, சேறு எங்காவது பாறைப் பிளவில் வடிந்துபோனாலோ, வாயு முட்டிக்கொண்டு மேலேறும்.

அப்போது மூடுவதற்காகக் கிணற்றின் வாயில் ஒரு யந்திரம் உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் அதை 'பி.ஓ.பி.' என்று சொல்வார்கள். கூடுவாஞ்சேரியில் இப்போது புதிது புதிதாக அடுக்கு வீடு கட்டுகிறவர்களிடம் பி.ஓ.பி. என்றால் கூரைக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். இது அதல்ல. கிணறு பீறிட்டுக் கிளம்பாமல் தடுப்பது என்று அர்த்தம். ஆழ்கடலில் இதைக் கடல் தரையிலேயே உட்கார வைக்கிறார்கள். அதன் கனம் சுமார் 400 டன். உயரம் ஐந்து மாடி. மாமி கேட்ட திருகு இதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது? மேல் பக்கத்தில் ரப்பரால் ஆன பெரிய வளையம். அழுத்தம் கொடுத்தால் சுருக்குப் பையின் வாய்போல் சுருங்கிக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இரண்டு பக்கமிருந்தும் வந்து முட்டும் எஃகுக் கட்டைகள். இவற்றுக்கு இங்கிலீஷில் 'ராம்' என்று பெயர். ஆட்டுக்கடா என்று பொருள். இரண்டு கடாக்கள் மோதுவதுபோல் மோதிக் குழாயைச் சுற்றி அடைத்துவிடும். 1922இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் அபெர்கிராம்பி என்ற எண்ணெய்க்காரரும் காமெரான் என்ற பட்டறைக்காரரும் சேர்ந்து யோசித்த யந்திரம் இது. பட்டறைத் தரையில் கொட்டிக் கிடந்த மரத்தூளிலேயே விரலால் படம் போட்டுக் காட்டினாராம் அபெர்கிராம்பி. 1926இல் காப்புரிமை கிடைத்தது. நம் வீட்டிலும் கோலமாவில் விரலை வைத்தால் சில நல்ல யோசனைகள் வரத்தான் செய்கின்றன!

கடைசி ஆயுதமாக ஒரு ஜோடிக் கத்தி இருக்கிறது. மற்ற எதுவும் பலிக்காவிட்டால் நடுவில் நிற்கும் எஃகுக் குழாயையே இரு பக்கமிருந்தும் கவ்வித் துண்டித்து, அந்த இடத்திலேயே கிணற்றை அடைத்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் கடலுக்கடியில் ஒரு ராட்சதப் பாக்குவெட்டி.

பாட்டி பாக்கு வெட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பாக்கை வாய்க்கு நடுவில் கொடுத்து அமுக்கினால் ஒரே வெட்டு. ஓரத்தில் அகப்பட்டால் நழுவிக்கொண்டு போகும், அல்லது பாதி நசுங்கிப் பாதி நிற்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2010 ஏப்ரல் 20 இரவு. அமெரிக்காவுக்குத் தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைஸன்' என்ற மிதவை மேடை. கடலின் ஆழம் 1,500 மீட்டர். மேடையில் 126 பேர். கிணற்றிலிருந்து வாயு பீறிட்டு மேலேறி, மேடையிலேயே வெடித்தது. அவசரப் பொத்தானை அமுக்கினார்கள். பலகையில் விளக்குகள் என்னமோ ஒழுங்காக மாறின. கீழே எதுவும் நடக்கவில்லை. வெடிப்பில் கம்பிகள் போய்விட்டன. மேலிருந்து யார் என்ன சொன்னாலும் யந்திரத்துக்குக் கேட்காது.

இப்படி ஒரு நிலைமை வரும் என்று முன்யோசனை இல்லாமல் இல்லை. அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதைச் சொல்ல நான் உங்களை ஒரு நிமிஷம் நம் மின்சார ரயிலில் ஏற்ற வேண்டும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குக் கூடுவாஞ்சேரி வழியாகப் போகிறதே, அந்த ரயிலை ஓட்டுபவர் ஒரு கைப்பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு மயக்கம் வந்து கை தளர்ந்தால் ரயில் தானே நின்றுவிடும். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'செத்தவன் கைப்பிடி'. பெயர் பகீரென்றாலும் யோசனை தங்கமானது. கிணற்று யந்திரத்திலும் இதே பெயரில், இதே தத்துவத்தில் ஓர் அமைப்பு உண்டு. மேலிருந்து மின்சாரம், செய்தி, எண்ணெய் அழுத்தம் மூன்றும் அறுந்தால், "மேலே ஆட்கள் போய்விட்டார்கள்" என்று புரிந்துகொண்டு, கீழேயிருக்கும் பெட்டி தன் சொந்தப் பாட்டரியில் கத்தியைப் போட வேண்டும். ஒரு பெட்டி கைவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று நீலம், மஞ்சள் என்று இரண்டு பெட்டிகள்.

அமெரிக்காவின் ரசாயன விபத்துப் புலனாய்வு வாரியம் நாலு வருஷம் துருவி, 2014இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீலப் பெட்டியில் கம்பியை மாற்றி இணைத்திருந்தார்கள். அதனால் பாட்டரி சத்தில்லாமல் வடிந்துபோயிருந்தது. மஞ்சள் பெட்டியிலும் ஒரு மின்சுருளின் கம்பி தலைகீழ். இரண்டு சுருளும் சேர்ந்து வால்வைத் திறக்க வேண்டியதற்குப் பதில், ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும்படி ஆகியிருந்தது. ஆனால் அதே பெட்டியில் வேறொரு பாட்டரியும் செத்துப்போயிருந்ததால் தவறான சுருளுக்கு மின்சாரமே போகவில்லை. ஆகவே மற்றச் சுருள் தடையில்லாமல் வேலை செய்து கத்தி பாய்ந்தது! ஒரு தவற்றை இன்னொரு தவறு திருத்தியது என்பது வாரியத்தின் முடிவு. இப்படி ஒரு திருப்பத்தைத் தொடர்கதையில் வைத்தால், ஆசிரியர் "நம்பும்படி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கத்தி பாய்ந்ததே, கிணறு மூடிக்கொண்டதா? அங்கேதான் பாட்டியின் பாக்கு வருகிறது. கீழிருந்து வந்த அழுத்தத்தில் குழாய் வளைந்து, கத்தியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. கத்தி அதைத் துண்டிக்காமல் குத்திக் கிழித்துவிட்டு நின்றது. பதினோரு பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த யந்திரத்தைச் சோதிக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோதித்தார்கள், தேறியது. ஆனால் ஒன்று போனால் ஒன்று என்று இரட்டையாக வைத்த உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துச் சோதிக்கும் வழக்கம் இல்லை. சேர்த்தே பார்த்ததால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துக்கொண்டே வந்தது. நேரான குழாய், அமைதியான கிணறு, சாவகாசமான பகல் வேளை, இவற்றை வைத்துப் பார்த்த பரீட்சை, வளைந்த குழாய்க்கும் கொதிக்கும் கிணற்றுக்கும் எப்படிப் போதும்?

கோளாறு தெரிந்தாலும் சரிசெய்வது சுலபமில்லை. 400 டன் யந்திரத்தை ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்கி, பிரித்து, பூட்டி, மறுபடி இறக்க வேண்டும். அத்தனை நாளும் துரப்பணம் சும்மா கிடக்கும். அந்த மேடைக்கு ஒரு நாள் வாடகை மட்டும் சுமார் ஐந்து லட்சம் டாலர். "இந்தக் கிணறு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாக்கில் வருவது சகஜந்தானே? நாமும் கேஸ் அடுப்பின் ரப்பர்க் குழாயை அடுத்த மாதம் மாற்றலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவோடு போகவில்லை விஷயம். நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 1982 ஜூலையில் மும்பைக் கடலில் 'சாகர் விகாஸ்' மேடையில் கிணறு பீறிட்டுத் தீப்பிடித்தது. 1995 ஜனவரி 8 அன்று ஆந்திராவின் கோனசீமைப் பகுதியில் பாசர்லபூடி கிணறு வெடித்துக் கிளம்பி 65 நாள் எரிந்தது. தென்னந்தோப்பும் வயலுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கும் ஊர் அது. 2020 மே 27 அன்று அஸ்ஸாமில் பாக்ஜான் என்ற இடத்தில் நடந்ததோ இன்னும் விசித்திரம். அங்கே மூடும் யந்திரம் கெட்டுப்போகவில்லை. அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக உள்ளே போட்ட சிமெண்டு அடைப்பு கெட்டித்துத் தாங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளும் முன்பே கழற்றியதுதான் கோளாறு என்று விசாரணையில் தெரிந்தது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைக்கும் வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். கிணறு முழுவதும் அடங்க நவம்பர் 15 ஆயிற்று. இவை இரண்டும் தரையில் உள்ள கிணறுகள். ஓடித் தப்பவாவது இடம் இருந்தது.

கடலில் ஓடுவதற்கு இடமில்லை. 2005 ஜூலை 27ஐ மாமி மறக்கவில்லை. அப்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான் என்றாலும். அதற்கு முதல் நாள் மும்பை நகரமே மழையில் மூழ்கியது. கடலில் 'சமுத்ர சுரக்ஷா' என்ற கப்பலில் சமையற்காரர் ஒருவருக்குக் கத்தி பட்டு இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அடுக்களையில் நமக்கெல்லாம் நேரும் காயந்தான், கொஞ்சம் பலமாக. மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. வைத்தியத்துக்காக அவரை மும்பை ஹை வடக்கு மேடைக்குக் கிரேன் கூடையில் ஏற்றினார்கள். காற்று மறைவான பக்கத்துக் கிரேன் வேலை செய்யாததால், கப்பல் காற்று வீசும் பக்கமாகவே மேடையை ஒட்ட வேண்டியிருந்தது. அவரைப் பத்திரமாக ஏற்றி முடித்தாயிற்று. கப்பல் விலகும் சமயத்தில் அலை தூக்கி அடித்து, மேடையின் ஓரமாகச் செங்குத்தாக ஏறும் வாயுக் குழாயில் மோதியது. இரண்டே மணி நேரத்தில் ஏழு மாடி மேடை இல்லாமல் போயிற்று. கப்பலும் மேடையும் பக்கத்துத் துரப்பண மிதவையுமாக அங்கே இருந்த 384 பேரில் 362 பேரைக் காப்பாற்றினார்கள். 22 பேர் வீடு திரும்பவில்லை.

அங்கேயும் அவசர வால்வுகள் இருந்தன. ஆனால் அவை குழாயின் முனைகளில் இருந்தன. சில குழாய்களின் நீளம் 12 கிலோமீட்டர் வரை. வால்வு விசுவாசமாக மூடிக்கொண்டாலும், அதற்கும் உடைந்த இடத்துக்கும் நடுவே குழாய்க்குள் இருக்கும் சரக்கு முழுவதும் தீக்கு இரையாகத் தயாராக இருந்தது. வாசலில் பூட்டுப் போட்டாயிற்று, திருடன் உள்ளே இருக்கிறான் என்ற கதை. 1988இல் பிரிட்டனின் வட கடலில் 'பைப்பர் ஆல்ஃபா' மேடையில் 167 பேர் மாண்டபோதே இது உலகத்துக்குத் தெரிந்த பாடம். அங்கே அடுத்த வருஷமே குழாய்களின் அவசர வால்வுகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தார்கள்.

சரி, நம்பும்படியான வால்வு என்று ஒன்று உண்டா? உண்டு. எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்ட கிணற்றுக்குள், கடல் தரைக்கும் கீழே, ஒரு சிறு கதவு வைப்பார்கள். அதை மூடும்படி ஒரு சுருள்வில் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தம் வந்தால்தான் கதவு திறந்திருக்கும். மேலே மேடை எரியட்டும், கப்பல் மோதட்டும், அழுத்தம் போனால் கதவு தானே சாத்திக்கொள்ளும். திறந்திருப்பதற்குத்தான் பிரயாசை, மூடுவதற்கு யார் தயவும் வேண்டாம். நம் கல்பாக்கத்தில் அணு உலைகளைக் கட்டியபோதும் இதே புத்தியைத்தான் கையாண்டார்கள். உலையை நிறுத்த வேண்டுமென்றால், அது ஓடுவதற்கு அவசியமான கனநீர் தன் பாரத்தாலேயே கீழ்த் தொட்டிக்கு இறங்கிவிடும்படி அமைத்திருந்தார்கள். பூமியின் ஈர்ப்புக்குப் பாட்டரி தேவையில்லை அல்லவா? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையில் புகுந்து, ஊழியர் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுபோனது. கடல்நீர் இறைக்கும் பம்பு அறையும் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைச் சேதமில்லாமல் நிறுத்த முடிந்தது.

இந்தக் கதவிலும் மணல் சேரும், சுருள்வில் துருப்பிடிக்கும். ஆகையால் இதையும் குறித்த காலத்தில் மூடித் திறந்து பார்த்தாக வேண்டும். அவசரத்துக்கென்று வைக்கும் சாமான்களின் குணமே விசேஷமானது. தினம் சுற்றும் மிக்ஸி கெட்டால் சட்னி அரைக்கும்போதே சொல்லிவிடும். வருஷக்கணக்கில் சும்மா இருக்கும் சாமான் கெட்டால் சத்தம் போடாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. மெயின் பெட்டியில், ஷாக் அடித்தால் மின்சாரத்தை வெட்டும் 'ட்ரிப் ஸ்விட்ச்' வைத்திருப்பீர்கள். அதில் 'டி' என்று எழுத்துப் போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அமுக்க வேண்டும்; அமுக்கினால் டக்கென்று கரண்டு போக வேண்டும். வீடு குடிவந்த நாளிலிருந்து எத்தனை தடவை அமுக்கினீர்கள்? இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போய் அமுக்கிப் பாருங்கள். பத்திரிகை எங்கும் ஓடிவிடாது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பாடம் எழுதிக்கொண்டிருந்தால் முதலில் சொல்லிவிட்டு அமுக்குங்கள். கரண்டு போகவில்லையென்றால் நாளைக் காலையில் முதல் வேலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது.

கடலிலும் இப்போது சில காரியங்கள் மாறியிருக்கின்றன. நம் நாட்டில் கடல் எண்ணெய் வேலைகளின் பாதுகாப்புக்கென்றே 2008இல் தனி விதிகள் வந்தன. 2010க்குப் பிறகு அமெரிக்காவில் யந்திரத்தையே திருத்தச் சொன்னார்கள். 2016இல் வந்த விதி, வெட்டுவதற்கு முன் குழாயை நடுவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடும் வேண்டும் என்றது. பாக்கை நடுவில் வைத்துக் கொடுக்கும் பாட்டியின் விரலை, இத்தனை உயிர்களுக்குப் பிறகு, யந்திரத்துக்கும் வைத்துவிடச் சொல்கிறார்கள்! கிணறு பீறிட்டுவிட்டால் மேலே கவிழ்த்து மூடுவதற்குப் பெரிய மூடிகளையும் முன்கூட்டியே செய்து தயாராக வைத்திருக்கிறார்கள்.

சோதனை நாள் எப்படியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அது வரும். கடாக்களை ஒவ்வொன்றாக மூடி, உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றிவிட்டு, ஐந்து நிமிஷம் காத்திருப்பார்கள். அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கருவி கோடு போட்டுக்கொண்டே போகும். அந்த ஐந்து நிமிஷமும் எல்லோர் கண்ணும் அந்தக் கோட்டின் மேல்தான். கோடு நேராகப் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கடாவுக்குப் போவார்கள். கோடு கொஞ்சம் சரிந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அப்போது, வாடகை எத்தனை லட்சமானாலும், கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, மறுபடி ஏற்றி, மறுபடி ஐந்து நிமிஷம் பார்த்த பிறகுதான் துரப்பணம் சுற்ற வேண்டும்.